எங்கள் வீட்டில் எள்ளு விலக்கான மூன்று மாதம்

நம் வயதுக்காரிகள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முழங்காலில்தான் தொடங்குகிறது. சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம் என்று பேர். அரைச் சுற்று முடிவதற்குள் ஒருத்தி படியில் உட்கார்ந்துவிடுவாள், இன்னொருத்தி மூட்டு மாற்றிய கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எனக்குக் கால் வலி இல்லை என்பதில் உங்களுக்கெல்லாம் கொஞ்சம் பொறாமை உண்டு. "உனக்கென்னட்டி, குமரிப் பிள்ளை மாதிரி நடக்க" என்று போன வாரம் உங்களில் ஒருத்தி சொன்னாள். நான் சிரித்துவிட்டு நடந்தேன். பதில் சொல்லியிருப்பேன், ஆனால் அது ஒரு சுற்றில் சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டி வரலாம் என்று ஒரு டாக்டர் கெடு வைத்தார். மூன்று மாதக் கெடு. ஓணம் கழிந்து பார்க்கும்போது எலும்பு ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் கால் போகும். கணுக்காலுக்கு மேலே குழி விழுந்து கிடக்கிற தழும்பைச் சைக்கிளில் விழுந்ததென்று நீங்கள் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் திருத்தவில்லை. சைக்கிள் என்றால் அதோடு பேச்சு முடியும் என்கிற சௌகரியம்தான்.

அப்பாவுக்கு மாட்டுத் தீவனக் கடை. சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டோரம் முன்பக்கம் கடை, நடுவில் நாங்கள் இருக்கிற இரண்டு அறை, பின்கட்டில் சரக்கு. தவிடு, பருத்திக்கொட்டை, கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு எல்லாம் சாக்கு சாக்காக இருக்கும். மாசியில் கும்பப்பூ நெல்லறுப்பு முடிந்ததும் வயல்களிலிருந்து வைக்கோல் வந்து பின்கட்டின் கூரை முட்ட ஏறிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அதன் மேல்தான் கிடப்பேன். ஓடு ஒழுகுகிற மூலையில் கீழடுக்கு நனைந்து கறுத்துப்போயிருக்கும். அதற்குள் காலை விட்டால் வெதுவெதுவென்று சூடாக இருக்கும். மாடு மூச்சு விடுகிற மாதிரி ஒரு நெடி வரும். அந்தச் சூட்டில் காலைப் புதைத்துக்கொண்டு புளியங்காய் கடித்துக்கொண்டிருப்பது எனக்குச் சொர்க்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அம்மா கிழக்கத்திக்காரி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், வள்ளியூர். அப்பாவின் தாய்மாமன் பிழைப்புக்காக அங்கே போய்த் தங்கிவிட்டவர். அவருடைய மகளைத்தான் அப்பா முறைக்குக் கட்டினார். சொந்தம்தான் என்றாலும் அம்மாவுக்கு எங்கள் ஊர் கடைசிவரை முழுசாகப் பிடிபடவில்லை. முக்கியமாக எண்ணெய். எங்கள் பக்கத்தில் தாளிக்க, பொரிக்க எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய். அம்மா வள்ளியூர்ச் செக்கிலிருந்து மாதா மாதம் ஒரு டின் நல்லெண்ணெய் வரவழைத்துவிடுவாள்.

"தலையில தேய்க்கிறத எடுத்து எவளாவது கொழம்பு தாளிப்பாளா?" என்பாள்.

"உங்க ஊருல வெளக்குக்கு ஊத்துறதல்லா இட்லிக்கு ஊத்துதிய" என்பார் அப்பா.

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் தினசரி பூசை மாதிரி. மற்றபடி அம்மா வைக்கிற உளுந்தஞ்சோறுக்கும் எள்ளுத் துவையலுக்கும் அப்பா கடையைப் பாதியில் விட்டுவிட்டு வருவார்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். நாலு வயதில் போய்விட்டான், எனக்கு அப்போது இரண்டு வயது. அடிக்கடி கழுத்தில் நெறி கட்டும், உடைந்து சீழ் வரும், ஆறும், மறுபடி கட்டும். கடைசியில் வயிற்றுக்குள் கட்டி. அதற்கு முந்தின வாரம் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்து அம்மா அவனுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாள். மறுநாள் காய்ச்சல் திரும்பி வந்தது, பிறகு இறங்கவே இல்லை. அவன் சாவுக்குக் கூடின துஷ்டி வீட்டில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி, அப்பாவின் அக்கா சொன்னாளாம்: "எண்ண தேச்சுல்லா பிள்ளையக் கொன்னா." அத்தை பொல்லாதவள் இல்லை. சொன்னதை அந்த வாரமே மறந்திருப்பாள். அம்மா மறக்கவில்லை. எனக்கு எண்ணெய்க் குளி என்பதே கிடையாது. அண்ணன் பேச்சை வீட்டில் எடுப்பதும் கிடையாது. அவன் போட்டோ ஒன்று அப்பாவின் கடைமேசைக்குள் கவிழ்ந்து கிடந்தது, அவ்வளவுதான்.

பங்குனியில் ஒரு நாள் கணுக்காலுக்கு மேலே வலி தொடங்கியது. முதலில் சிறு கீறல், பிறகு வீக்கம். பள்ளிக்கூடத்தில் நொண்டினேன். டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, "இந்தப் பிள்ளைக்கு வலியொண்ணும் இல்ல, மடியாக்கும்" என்றாள். மடி என்றால் எங்கள் ஊரில் சோம்பல். வகுப்பே சிரித்தது. மடி பிடித்த பிள்ளைக்குச் சாயங்காலமானால் உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டிலோ எல்லாரும் நான் வைக்கோல் போரிலிருந்து குதித்ததில் எலும்பு பிசகியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் கை கால் பிசகினால் யாரும் யோசிக்க மாட்டார்கள், நேரே வர்ம ஆசானிடம்தான்.

ஆசான் இரண்டு தடவை கட்டுப் போட்டார். மூன்றாம் தடவை கட்டைப் பிரித்து, காலைத் தொடாமலே குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னார்:

"இது ஒடிவுமில்ல, பெசகுமில்ல, கேட்டியளா. எலும்புக்குள்ள சீழு கெடக்கு. இதுக்கு மேல நான் கட்டுப் போட்டா பிள்ளைக்குச் செய்யுற துரோகமாக்கும். திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போவும். இண்ணைக்கே போவும்."

எனக்குத் தெரிந்து அந்தப் பருவத்தில் தப்பாக ஒன்றும் சொல்லாத முதல் பெரியவர் அவர்தான்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. எலும்பைத் திறந்து சீழை எடுத்தார்கள். பல நாள் ஊசி. மூன்று வாரத்துக்கு மேல் இருந்தோம். எனக்கு ஞாபகமிருப்பது டெட்டால் வாசமும், மதியம் வருகிற சிவந்த பருமன் அரிசிக் கஞ்சியும், மாவுக்கட்டுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரியான அரிப்பும்தான். அரிப்புக்கு அப்பா கடையிலிருந்து சாக்குத் தைக்கிற கோணி ஊசியைக் கொண்டுவந்து அதன் மழுங்கிய பக்கத்தால் மெல்லச் சொறிந்துவிடுவார். அந்த ஊசியை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன், எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

என்னைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். மலையாளி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்றார்கள். அதிகம் சிரிக்க மாட்டார். சீழைச் சோதித்ததில் ஒரு கிருமி வந்திருக்கிறது. அது சாதாரணமாக மண்ணிலும் தண்ணீரிலும் கிடப்பது, நல்ல உடம்பை ஒன்றும் செய்யாது, இந்தப் பிள்ளையின் எலும்புவரை எப்படிப் போனது என்று தெரியவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு மலையாளம் எழுதக்கூடத் தெரியும். "வேறே குட்டிகள் உண்டோ? ஆருக்காவது இதுபோலே வந்நிட்டுண்டோ?" என்று டாக்டர் கேட்டபோது அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள். இல்லை. ஒரே பிள்ளை. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியும், அது பொய் என்று. பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் அப்பாவிடம் கெடுவைச் சொன்னார். தினமும் இரண்டு வேளை மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. ஓணம் கழிந்து வர வேண்டும். எலும்பு ஆறவில்லையென்றால் கிருமி மேலே ஏறும். காலை விட்டுக்கொடுத்துத்தான் பிள்ளையைக் காப்பாற்ற முடியும். அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு, மாத்திரை வாங்கப் போனார்.

அப்பா போன அந்தக் கால் மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதனால வந்துச்சு டாக்டரம்மா? என்னத்தால வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டாள். அவள் பேசுகிற வள்ளியூர்த் தமிழ் டாக்டருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். டாக்டர் அவள் தோளைத் தட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"எல்லினாணு குழப்பம். எல்லு. மனசிலாயோ?"

அம்மா கண்ணை அகல விரித்தாள். "எள்ளா?"

"அதே. எல்லு" என்றார் டாக்டர், தலையை ஆட்டிக்கொண்டு.

மலையாளத்தில் எலும்புக்கு எல்லு என்று பெயர். நம் மேற்குப் பக்கத்திலும், குழித்துறை தாண்டினால், அப்படித்தான் சொல்வார்கள். சுசீந்திரத்தில் எங்களுக்கு அது எலும்புதான். வள்ளியூர்க்காரிக்குக் கேட்கவே வேண்டாம். எலும்பில்தான் கோளாறு என்று டாக்டர் சொன்னது, எள்ளினால்தான் கோளாறு என்று அம்மா காதில் போய் இறங்கியது. இதை இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் நான். ஏழு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த சொல்லை ஒரு டாக்டரே வாய் திறந்து சொல்லிவிட்டார் என்று அவள் நம்பினாள். வேறு யார் காதாக இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டிருக்கும்.

பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னாள். அப்பா நம்பவில்லை.

"எள்ளா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே?"

"நீங்க மருந்து வாங்கப் போயிட்டிய. எங்கிட்ட ரெண்டு வாட்டி சொல்லிட்டாவ. எள்ளுதான்."

அப்பா வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். மார்த்தாண்டம் வந்தபோது, "நம்ம வீட்டுப் பொறத்தால அட்டியட்டியா எள்ளுப் பிண்ணாக்குல்லா கெடக்கு" என்று தானே சொன்னார். படித்த டாக்டர் சொன்னால் காரணம் இருக்கும். எனக்கிருந்த அதே புத்திதான் அப்பாவுக்கும்.

அன்றோடு எங்கள் வீட்டில் எள்ளு விலக்கு. முதலில் போனது அம்மாவின் நல்லெண்ணெய் டின். அதை அவளே தூக்கிக்கொண்டு போய்க் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். எள்ளுச் சேர்க்காத இட்லிப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தின்றாள். முதல் கவளத்தை அவள் விழுங்கியதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், கேலி செய்ய வாய் வரவில்லை. துவையல் போச்சு, எள்ளுருண்டை போச்சு. சனிக்கிழமை யாராவது எள்ளுத் தீபம் ஏற்றுகிற பக்கமாகப் போக நேர்ந்தால் முந்தானையால் என் மூக்கைப் பொத்திவிடுவாள். தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே, "இண்ணைக்கு எங்க வீட்டுல எள்ளு இல்ல கேட்டியா" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார்கள். அத்தையும் ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு பின்கட்டு. எள்ளுப் பிண்ணாக்கை மட்டும் எடுத்தால் போதும் என்றார் அப்பா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பிண்ணாக்குத் தூள் தவிட்டுச் சாக்கில் ஒட்டியிருக்கும், வைக்கோலில் விழுந்திருக்கும், எலி இழுத்துக்கொண்டு எங்கெல்லாம் போயிருக்கும், யாருக்குத் தெரியும் என்றாள்.

"அப்ப நான் என்ன, கடைய அடைச்சிரவா?" என்று அப்பா கத்தினார்.

"பிள்ளைக்குக் காலு வேணுமா, ஒங்களுக்குக் கடை வேணுமா?"

அப்பா கால்வாய்க்கரையில் பழைய செங்கல் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். நாலு நாள், வண்டி வண்டியாக, பின்கட்டிலிருந்த அத்தனையும் அங்கே போயிற்று. நனைந்து கறுத்த கீழடுக்கை மண்வெட்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவும் கூலியாட்களும் இருமிக்கொண்டே அள்ளினார்கள். அப்போது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். பிறகு ஓட்டை மாற்றி, தரையைக் கழுவி, நாலு சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே போட ஒரு ரப்பர் செருப்பு வந்தது. தரையில் எள்ளு கிடந்து காலில் ஏறிவிடக் கூடாதாம். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் செருப்புப் போட்ட ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன். தெருப் பிள்ளைகள் என்னைத் "தொரைச்சி" என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

மூன்று மாதமும் நான் தரையில் நடந்தது கொஞ்சம்தான். அம்மா இடுப்பில், அல்லது அப்பா தோளில். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் யாராவது ஓடி வந்து தூக்கிவிடுவார்கள். மாத்திரையை அம்மா தவறவிடவே இல்லை. காலையில் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. அப்பா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார், என்ன தெரிந்ததோ. அந்தப் படத்தைப் பிற்பாடு கிரகணம் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. சாரல் மழை வந்தது, போயிற்று. புண்ணிலிருந்து வடிந்துகொண்டிருந்த தண்ணீர் ஆடியில் நின்றது. நின்றதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப வந்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

ஓணம் கழிந்து போனோம். டாக்டர் புது எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அம்மா என்னை மடியில் இறுக்கியதில் எனக்கு மூச்சு முட்டியது.

"கொள்ளாம்" என்றார் டாக்டர். அந்த வார்த்தை எங்கள் ஊரிலும் உண்டு, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கே புரிந்தது.

"அப்போ காலு?" என்றார் அப்பா.

"காலு எடுக்கண்டா. மெல்ல நடக்காம். ஒரு மாசம் ஓடருது, அத்ரதன்னே." காலை எடுக்க வேண்டாம், மெல்ல நடக்கலாம், ஒரு மாதம் ஓடக் கூடாது, அவ்வளவுதான் என்கிறார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்துவிட்டன. "நீங்க சொன்னாப்புல செஞ்சேன் டாக்டரம்மா. மூணு மாசமா ஒரு துளி எள்ளு வீட்டுக்குள்ள விடல!" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். அந்த நர்ஸ் பாறசாலைக்காரி, இரண்டு பாஷையும் தெரிந்தவள், முந்தின தடவை எங்கள் வார்டில் இல்லாதவள். அவள் அம்மாவிடம் என்னவென்று விசாரித்தாள். விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது.

"அய்யோ என் அம்மா, அது எள்ளு இல்ல. எல்லு! எல்லுன்னா எலும்பு! எலும்புலதான் தீனம்னு சொல்லியிருக்காங்க!"

டாக்டரிடம் அவள் மலையாளத்தில் சொன்னதும், அந்தச் சிரிக்காத டாக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அப்பா அம்மாவையே பார்த்தார். "ஏட்டி, ஒரு எழுத்துக்கா நான் மூணு மாசமா பிண்ணாக்குச் சொமந்தேன்?" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இனி தெருவில் "தொரைச்சி" போய்விடுமே என்று வருத்தமாகவும் இருந்தது.

டாக்டர் சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார். "பிண்ணாக்கு மட்டுமா மாத்தினது?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்னார்: தவிடு, வைக்கோல், நனைந்து மக்கிய அடி வைக்கோல், எல்லாம். முன்னால் பிள்ளை எங்கே விளையாடும் என்று டாக்டர் கேட்டார். அந்த வைக்கோலுக்குள்தான், செருப்பில்லாமல், என்று நானே சொன்னேன். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மாவின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, முன்பு கேட்ட கேள்வியையே கேட்டார். வேறு பிள்ளை இருந்ததா? பிறந்து, இல்லாமல் போன பிள்ளை?

இந்தத் தடவையும் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஒருத்தன் இருந்தான்" என்றாள் அம்மா. அந்த வாயிலிருந்து அவனைப் பற்றி நான் கேட்ட முதல் பேச்சு அது. கழுத்து நெறி, சீழ், வயிற்றுக் கட்டி எல்லாம் சொன்னாள். கடைசியில், நர்ஸைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் காய்ச்சலோட எண்ண தேச்சிட்டேன்" என்றாள்.

நர்ஸ் அதை டாக்டரிடம் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்று மட்டும் டாக்டர் கேட்டார். மாமன் மகள் என்றார் அப்பா. டாக்டர் எழுந்து என் விரலிலும் அப்பாவின் விரலிலும் ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் வெளி பெஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம்.

திரும்ப அழைத்தபோது மேசைமேல் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. டாக்டர் அம்மாவைத்தான் கூப்பிட்டார். ரத்தத்தில் ஒரு மஞ்சள் சாயத்தைக் கலந்திருக்கிறார்களாம். நல்ல ரத்தமென்றால் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணு நீலமாக மாறுமாம். முதலில் அப்பாவின் கண்ணாடித் துண்டு. அம்மா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "நீலமா புள்ளி புள்ளியாத் தெரியுது" என்றாள். பிறகு என்னுடையது. நெடுநேரம் பார்த்தாள். "ஒண்ணையும் காணல."

டாக்டர் சொல்லச் சொல்ல நர்ஸ் தமிழில் சொன்னாள்:

"இவ ரத்தத்துல காவல்காரன் இருக்கான், கிருமியப் பிடிக்கவும் செய்வான். கையில கம்பு இல்ல, அதான் அடிக்க முடியல. இது பிறக்கும்போதே வந்தது. உங்க ரெண்டு பேரு ரத்தத்துலயும் பாதி பாதி ஒளிஞ்சு கெடந்து, பிள்ளைக்கு முழுசா வந்திருக்கு. மூத்தவனுக்கும் இதுதான் இருந்திருக்கணும். எண்ணயில ஒண்ணும் வரல, எள்ளுலயும் வரல. நீங்க குளிப்பாட்டலைன்னாலும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கும். இதை டாக்டரம்மா ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்க. குளிப்பாட்டலைன்னாலும் வந்திருக்கும்."

அம்மா மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. ஒருவரும் அவளை எழுப்பவில்லை.

பாதி வேலையை மாத்திரை செய்தது, மீதியை அந்தச் சுத்தம் செய்தது என்று டாக்டர் சொன்னார். ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும். மக்கின வைக்கோல், சாணிக் குப்பை, பழைய தூசி பக்கம் போகக் கூடாது. செருப்பைக் கழற்றக் கூடாது. சிறு கட்டி வந்தாலும் உடனே வர வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை நான் அப்படித்தான் இருக்கிறேன். நடுவில் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தேன், உங்களிடம் டைபாய்டு என்று சொல்லியிருப்பேன். என் பைலின் மேல் இப்போது இந்த நோயின் பேராக சி.ஜி.டி. என்று மூன்று எழுத்து இருக்கிறது. புதுப் புது மாத்திரைகள் வந்துவிட்டன. தோட்டத்துக்கு உரம் போடும்போது நான் ஏன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஒன்றும் தெரியாமல், ஓர் எழுத்தைத் தப்பாகக் கேட்டு, அம்மா செய்த காரியம் அந்த வயதில் எனக்கு வேண்டியதாக அமைந்துவிட்டது. டாக்டர் எலும்பு என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், நான் மாத்திரையைத் தின்றுவிட்டு அந்த வெதுவெதுப்பான வைக்கோலுக்கே திரும்பப் போயிருப்பேன்.

இந்தப் பரிசோதனையிலெல்லாம் நேரமாகிவிட்டது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது நாகர்கோவில் பஸ் பின்னால் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. "நில்லும்! நில்லும்!" என்று அப்பா கத்திக்கொண்டே பாய்ந்தார். அம்மா குடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஆரஞ்சு விற்கிறவனின் கூடையைச் சுற்றி, ஒரு தேங்காய்ச் சாக்கைத் தாண்டி, எல்லாரும் வழி விட, கண்டக்டர் இரட்டை மணி அடிப்பதற்குள் எப்படியோ ஏறிவிட்டோம். மூன்று பேர் உட்காருகிற சீட்டு ஒன்று காலியாக இருந்தது. பஸ் ரோட்டுக்கு வந்து வேகம் பிடிக்கும்வரை ஒருவருக்கும் பேச மூச்சில்லை.

அம்மா வியர்வையைத் துடைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "பிள்ளையத் தூக்கிட்டு அவ்வளவு வேகமா ஓடுதியளே, விழுந்து வச்சா என்ன செய்ய?"

அப்பா திரும்பிப் பார்த்தார். "நான் பையையல்லா தூக்கினேன். பிள்ளைய நீ தூக்கலியா?"

"நான் எங்க தூக்கினேன்?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நடுவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

"நான் ஓடி வந்தேன்" என்றேன்.

அம்மா குனிந்து என் இரண்டு கால்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். களியக்காவிளை தாண்டும்வரை விடவில்லை.